0.0100 என்று காட்டும் வியூபோர்ட் 1:100இல் இல்லாமல் போவது எப்படி?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் லேஅவுட் (அச்சுத் தாளின் அமைப்பு) போட்டு டிராயிங் அனுப்பும் எல்லோரும் என்றாவது இதைப் பார்த்திருப்பார்கள். தாளில் படத்தைக் காட்டும் சட்டமான வியூபோர்ட்டின் விளிம்பைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பலகையைத் திறந்தால், 'ஸ்டாண்டர்ட் ஸ்கேல்' வரியில் 'கஸ்டம்' என்று இருக்கும். அதன் அருகிலேயே 'கஸ்டம் ஸ்கேல்' வரியில் 0.0100 என்று இருக்கும். 0.01 என்றால் 1:100தானே, அதை ஏன் கஸ்டம் என்கிறது? மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்து அப்படியே பிளாட் (அச்சு) எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கோளாறு எதுவும் இல்லை. அந்த இரண்டு வரிகளில் உண்மையைச் சொல்வது 'கஸ்டம்' என்ற வரி. உள்ளே இருக்கும் விகிதம் 1:100 இல்லை என்று மென்பொருளுக்குத் தெரிகிறது, அதனால்தான் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்ல மறுக்கிறது. 0.0100 என்பது அந்த விகிதத்தை நான்கு தசம இடங்களுக்குச் சுருக்கி நமக்குக் காட்டும் உருவம், அவ்வளவுதான்.

அந்தச் சுருக்கத்துக்குள் எவ்வளவு ஒளிந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு இடங்களில் 0.0100 என்று தெரிய, உள்ளே 0.00995 முதல் 0.01005 வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது 1:100.5 முதல் 1:99.5 வரை. 30 மீட்டர் நீளமுள்ள கட்டடம் காகிதத்தில் 300 மி.மீ. வர வேண்டும், 298.5 வந்தாலும் 301.5 வந்தாலும் பலகை அதே 0.0100ஐத்தான் காட்டும். 1:500க்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். 0.0020 என்று தெரியும் வியூபோர்ட் 1:513ஆகவும் இருக்கலாம், 1:488ஆகவும் இருக்கலாம். 1:1000 சைட் பிளானில் 0.0010 என்ற எண்ணுக்குப் பின்னால் ஐந்து சதவீத வித்தியாசம் வரை மறையும், 200 மி.மீ. வர வேண்டிய எல்லைக்கோடு 190ஆக வந்தாலும் திரையில் எந்தத் தடயமும் இருக்காது.

காரணம் எளிது. மென்பொருள் எண்ணிக்கை வைத்திருப்பது தசம இடங்களுக்கு, பொருளுள்ள இலக்கங்களுக்கு அல்ல. ஸ்கேல் சிறிதாகச் சிறிதாக, புள்ளிக்குப் பின் பூஜ்ஜியங்களே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நான்கு இடத்தில் மூன்று பூஜ்ஜியம் போனால் உருப்படியாக மிஞ்சுவது ஒரே இலக்கம். எத்தனை இடம் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வதும் வியூபோர்ட் இல்லை. யூனிட்ஸ் கட்டளையில் நாம் வைக்கும் நீளத் துல்லியம், அதாவது எல்யூபிரெக் என்ற சிஸ்டம் வேரியபிள்தான் அதை முடிவு செய்கிறது. அதை 0 முதல் 8 வரை வைக்கலாம். சுவரின் நீளத்தைக் காட்ட நான்கு இடம் தாராளம். அதே நான்கு இடத்தை ஸ்கேலுக்கும் பயன்படுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் விஷயம் தெளிவாகும். வியூபோர்ட்டுக்குள் 'ஸ்கேல்' என்று ஓர் எண் சேமிக்கப்பட்டிருக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். வேறு மென்பொருள்களோடு பரிமாறிக்கொள்ளும் வடிவமான டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்து ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். வியூபோர்ட் பகுதியில் 41 என்ற குறியீட்டுக்குக் கீழே ஓர் எண் இருக்கும்: காகிதத்தில் வியூபோர்ட்டின் உயரம். 45 என்ற குறியீட்டுக்குக் கீழே இன்னோர் எண்: அந்தச் சட்டத்துக்குள் மாடல் ஸ்பேஸில் (கட்டடத்தை உண்மை அளவில் வரையும் வெளியில்) எவ்வளவு உயரம் தெரிகிறது என்பது. ஸ்கேல் என்பது முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவது. 41க்குக் கீழே 250, 45க்குக் கீழே 25000 என்று இருந்தால் 1:100. 45க்குக் கீழே 24937.5 என்று இருந்தால் விகிதம் 0.010025, பலகையில் அதே 0.0100; 30 மீட்டர் கட்டடம் 300.75 மி.மீ.

இரண்டு உயரங்களில் எதை அசைத்தாலும் ஸ்கேல் அசையும் என்பது இதிலிருந்து விளங்கும். விளிம்பின் கிரிப்பை (பிடிப்புப் புள்ளியை) பிடித்து இழுக்கும்போது மென்பொருள் இரண்டையும் சேர்த்தே மாற்றி விகிதத்தைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து நுழைந்து மவுஸ் சக்கரத்தை ஒரு படி சுழற்றினால் பார்வை உயரம் மட்டும் மாறுகிறது. பின்பக்கம் ஒரு படி சுழற்றினால் கண்ணுக்குப் பழைய இடம் வந்துவிட்டதுபோல் இருக்கும். எண் பழைய எண்தானா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. டிஎக்ஸ்எஃப் மூலம் வேறு மென்பொருளுக்குப் போய்த் திரும்பும் கோப்புகளிலும் இதே கதை நடக்கும். டிஎக்ஸ்எஃப் எழுதும்போது எத்தனை தசம இடம் என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது; 16 வரை கொடுக்கலாம். கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று அங்கே 2 போட்டால், 28.095 மீட்டர் என்ற பார்வை உயரம் 28.10 ஆகிவிடும், 187.3 மி.மீ. உயர வியூபோர்ட் ஒன்று 1:150இலிருந்து 1:150.03க்கு நகர்ந்துவிடும். அளவில் இது அற்பம். ஆனால் பட்டியலில் உள்ள 1:150 என்ற பெயரோடு பொருந்தாமல் 'கஸ்டம்' ஆக இது போதும்.

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பழகியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியாது. அங்கே ஒவ்வொரு பார்வைக்கும் ஸ்கேல் ஒரு முழு எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. 100 என்றால் 100. ஆட்டோகேடில் பேப்பர் ஸ்பேஸ் (தாளை அமைக்கும் வெளி) வந்தது 1990இல், ரிலீஸ் 11இல். கேமராவைப்போல முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் ஜன்னலாகவே வியூபோர்ட் அமைந்தது. அதனால் எந்த விகிதத்திலும் அது நிற்கும். அதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதுவே.

சக்கரம் சுழன்று கெட்டுப்போவது ஒரு வகை. அதைவிட விஷமமானது, நாமே கையால் தசம எண்ணைத் தட்டிக் கெடுப்பது. பலகையில் 0.0067 என்று தெரிகிறது. இன்னொரு வியூபோர்ட்டுக்கும் அதே ஸ்கேல் வேண்டும் என்று அந்த எண்ணையே பார்த்துத் தட்டுகிறோம். முதல் வியூபோர்ட்டில் இருந்தது 1:150, அதாவது 0.00666 என்று முடிவில்லாமல் ஓடும் எண். இரண்டாவதில் நாம் வைத்தது 0.0067, அதாவது 1:149.25. பலகையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே சுவரைப் பார்த்தால் 6 மீட்டர் சுவர் ஒன்றில் 40 மி.மீ., மற்றதில் 40.2 மி.மீ. இருக்கும். இரண்டு வியூபோர்ட்டுகளை ஒட்டவைத்து நீளமான கட்டடத்தைத் தொடர்ச்சியாகக் காட்டும் லேஅவுட்டில் கிரிட் கோடுகள் சேராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

எந்தெந்த ஸ்கேல்கள் இப்படி மாட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பின்னம் தசமத்தில் முடிவுக்கு வர வேண்டுமென்றால் அதன் கீழ் எண்ணில் 2, 5 என்ற காரணிகள் மட்டுமே இருக்க வேண்டும். தொழில்நுட்ப வரைபடங்களுக்கான ஐஎஸ்ஓ 5455 பரிந்துரைக்கும் சிறிதாக்கும் ஸ்கேல்களைப் பாருங்கள்: 1:2, 1:5, 1:10, 1:20, 1:50, 1:100 என்று 1:10000 வரை. எல்லாமே 2, 5, 10 என்ற வரிசையில் வருபவை. 1:50 என்றால் 0.02. 1:2000 என்றால் 0.0005. 1:10000 என்றால் 0.0001. நான்கு தசம இடத்தில் ஒவ்வொன்றும் மிச்சமின்றி அடங்கிவிடுகிறது. தர ஸ்கேல்களை மட்டும் பயன்படுத்தி, மி.மீ.யில் வரைந்து, மி.மீ. காகிதத்தில் வைக்கும் ஆபீஸில் தசமத்தைத் தட்டினாலும் தப்பு வராது. 1:250, 1:125, 1:400கூட அடங்கும்.

மூன்று என்ற காரணி உள்ளே வந்ததும் கதை மாறுகிறது. 1:30ஐ 0.0333 என்று தட்டினால் 1:30.03. 1:60 என்பது 0.0167 ஆகி 1:59.88இல் நிற்கும். 1:75 என்பது 0.0133 ஆகி 1:75.19இல் நிற்கும். 1:300ஐ 0.0033 என்று தட்டினால் 1:303.03, ஒரு சதவீதப் பிழை. 1:100இல் காகிதத்துக்குள் அடங்கவில்லை, 1:200இல் எழுத்து படிக்க முடியவில்லை என்று நடுவில் 1:150ஐத் தேடும் இடங்களில்தான் இந்த நோய் அதிகம் தெரிகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

அமெரிக்க வேலை பார்க்கும் ஆபீஸ்களில் இந்த மூன்று இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கிறது, ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதிலேயே. கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்ற ஸ்கேல் உண்மையில் 1:48, பலகையில் 0.0208. அதைத் திருப்பித் தட்டினால் 1:48.08, நூறு அடிச் சுவர் 25 அங்குலத்துக்குப் பதில் 24.96 அங்குலம். அரைக்கால் அங்குல ஸ்கேல் 1:96, அதுவும் அப்படியே. ஆனால் முக்கால் அங்குலம் ஓர் அடிக்கு என்ற ஸ்கேலில் மேலே உள்ள மூன்று கீழே உள்ள மூன்றை அடித்துவிடுகிறது. அது 1:16, சுத்தமாக 0.0625. எட்டில் மூன்று அங்குல ஸ்கேல் 1:32, பதினாறில் மூன்று அங்குல ஸ்கேல் 1:64. இவை முடிவுள்ள எண்கள்தான், ஆனால் 0.03125க்கு ஐந்து இடமும் 0.015625க்கு ஆறு இடமும் வேண்டும். நான்கு இடத்தில் அவையும் 0.0313 என்றும் 0.0156 என்றும் வெட்டுப்பட்டே தெரியும்.

அலகுகள் கலக்கும் இடம் எல்லாவற்றையும்விட மோசம். மாடலை மி.மீ.யில் வரைந்திருக்கிறோம், ஆனால் லேஅவுட்டின் பேஜ் செட்டப் அங்குலத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த டெம்ப்ளேட்டில் இது அடிக்கடி நடக்கும். 1:50 வேண்டுமென்றால் காகிதத்தின் ஓர் அங்குலத்துக்கு மாடலில் 50 × 25.4 = 1270 மி.மீ. அதை எண்ணாக்கினால் 0.000787401..., பலகையில் 0.0008. யாரோ 0.0008 என்று தட்டுகிறார்கள். வந்தது 1:49.21. பத்து மீட்டர் சுவர் 200 மி.மீ.க்குப் பதில் 203.2 மி.மீ. நீளம். அடிக்கோலை வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும் பிழை இது.

இதனால் என்ன கெட்டுவிடும், சைட்டில் யாரும் டிராயிங்கின் மேல் அடிக்கோலை வைத்து அளப்பதில்லையே, டைமென்ஷனை (எழுதிய அளவை) தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். டைமென்ஷன் மாடலில் போடப்பட்டிருந்தால் எண் சரியாகவே இருக்கும். பேப்பர் ஸ்பேஸில் போட்டு மாடலோடு அசோசியேட்டிவாக இணைத்திருந்தாலும் சரியாகவே இருக்கும். ஆபத்து பழைய முறையில் இருக்கிறது: இணைப்பில்லாத டைமென்ஷனை லேஅவுட்டில் போட்டு, டிம்எல்ஃபேக் என்ற பெருக்கு எண்ணைக் கையால் கொடுப்பது. மேலே சொன்ன அங்குல லேஅவுட்டில் பெருக்கு எண் 1270. சுவர் காகிதத்தில் 8 அங்குலம் வந்துவிட்டது. 8 × 1270 = 10160. பத்தாயிரம் மி.மீ. சுவரின் மேல் 10160 என்று அச்சாகி சைட்டுக்குப் போகும். 1:150 கதையிலும் 40.2 × 150 = 6030. டைமென்ஷன் ஸ்டைலில் 5 மி.மீ.க்கு முழுமையாக்கும் அமைப்பு இருந்தால் 6030 என்பது அப்படியே நிற்கும். 5ஆல் வகுபடும் நல்ல உருண்டையான எண் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஸ்கேல் பிழையை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். படம் சற்றுப் பெரிதாகத் தெரிவதோடு அது நிற்பதில்லை, அளவாக மாறிக் கட்டடத்துக்குள் போய்விடுகிறது.

இந்தப் பேச்சு வந்ததும் 'கம்ப்யூட்டரின் ஃப்ளோட்டிங் பாயின்ட் பிரச்சினை' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு ஏறக்குறைய எப்போதும் தவறு. ஆட்டோகேட் எண்களை 64 பிட் இரட்டைத் துல்லியத்தில் வைத்திருக்கிறது. ஏறத்தாழ 15, 16 பொருளுள்ள இலக்கங்கள். 0.01ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது என்பது உண்மைதான்; உள்ளே இருப்பது 0.0100000000000000002 போன்ற ஓர் எண். ஆயிரம் கிலோமீட்டர் நீளத்தில் இந்தப் பிழை ஓர் அணுவின் குறுக்களவைக்கூட எட்டாது. காகிதத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் செயலியைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த எண்ணை யார் எப்போது தட்டினார்கள் என்று தேடுங்கள்.

இதே அறிகுறியோடு வரும் வேறொரு நோயை இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். சர்வே ஆயத்தொலைவுகளில் வரைந்த கோப்புகளில் வியூபோர்ட்டை நெருங்கிப் பார்த்தால் கோடுகள் துள்ளும், வட்டங்கள் கோணலாகும், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) பிசகும். திரையில் வரையும் பணி கிராபிக்ஸ் கார்டில் பெரும்பாலும் 32 பிட் ஒற்றைத் துல்லியத்தில் நடக்கிறது. சென்னை யூடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையின் 44ஆம் மண்டலத்தில் இருக்கிறது. அதன் வடதூரம் சுமார் 14,46,000 மீட்டர். அந்த அளவு எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 12.5 செ.மீ. இடைவெளி விழுகிறது. மென்பொருள் இதைச் சமாளிக்கப் பல உத்திகள் செய்தாலும் சில இடங்களில் வெளியே தெரிந்துவிடும். இதற்கும் ஸ்கேலுக்கும் தொடர்பில்லை. வியூபோர்ட் ஸ்கேலை நோண்டி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். கட்டடத்தின் டிராயிங்கைத் தொடக்கப் புள்ளிக்கு அருகில் வைத்து, சர்வேயைத் தனிக் கோப்பாக எக்ஸ்ரெஃப் செய்வதே (வெளிக்கோப்பாக இணைப்பதே) வழி.

சரி, ஒரு வியூபோர்ட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது? முதலில் யூனிட்ஸில் நீளத் துல்லியத்தை 8 இடங்களாக ஏற்றுங்கள். டிராயிங்கில் எந்தக் கோடும் இதனால் மாறாது, காட்சி மட்டும் மாறும். 0.0100 என்று இருந்தது 0.01002506 என்று வெளியே வந்தால் விஷயம் முடிந்தது. 0.01000000 என்று வந்தும் கஸ்டம் என்று சொன்னால், அந்தக் கோப்பின் ஸ்கேல் பட்டியலில் 1:100 இல்லாமல் இருக்கலாம். பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரோ தேவையானதையும் அழித்திருப்பார்கள்.

அடுத்தது, நான் எப்போதும் நம்பும் சோதனை. மாடலில் நீளம் தெரிந்த ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 10,000 மி.மீ. கிரிட் இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். பேப்பர் ஸ்பேஸில் இருந்தபடியே அதன் இரு முனைகளையும் எண்ட்பாயின்ட் ஸ்னாப்பில் பிடித்து ஒரு கோடு வரையுங்கள். அந்தப் புதுக் கோட்டின் நீளத்தை பிராப்பர்ட்டீஸில் பாருங்கள். 1:50 என்றால் 200.0000 வர வேண்டும். 200.0000 வரவில்லையென்றால் வியூபோர்ட் தவறு, வேறு விவாதமே வேண்டாம். டிஸ்ட் கட்டளையால் அளந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. வியூபோர்ட்டுக்குள் தெரியும் மாடல் பொருளின் முனைகளை ஸ்னாப் பிடித்து அளக்கும்போது ஆட்டோகேட் புத்திசாலித்தனமாக மாடல் நீளத்தையே, 10,000 என்றே சொல்லிவிடும். எந்த ஸ்கேலில் இருந்தாலும் அதே பதில்தான். அதைப் பார்த்து ஸ்கேல் சரி என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

கோடு ஒரு திசையில் சரியாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வந்தால் அது ஸ்கேல் பிழையே இல்லை, பார்வை சாய்ந்திருக்கிறது. ஆர்பிட் செய்து (பார்வையைச் சுழற்றி) எங்கோ விட்டிருப்பார்கள். டாப் பார்வைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

ஒரு கோப்பில் நாற்பது ஐம்பது லேஅவுட் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாது. ஆட்டோகேடுக்குள்ளேயே ஓடும் லிஸ்ப் மொழியில் சின்ன நிரல் எழுதி எல்லா வியூபோர்ட்டுகளின் கஸ்டம் ஸ்கேலையும் பன்னிரண்டு தசம இடத்தில் பட்டியலிடலாம். அப்படி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒவ்வொரு லேஅவுட்டிலும் 1 என்ற எண்ணுள்ள வியூபோர்ட் அந்தக் காகிதமே. அதன் விகிதம் நீங்கள் காகிதத்தை எவ்வளவு ஸூம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்லும். அதை ஒதுக்காத நிரல், ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு பொய்யான பிழையைக் காட்டிப் பயமுறுத்தும்.

திருத்துவதற்கான வழி ஒன்றே: தசமத்தைக் கொடுக்காதீர்கள், விகிதத்தைக் கொடுங்கள். வியூபோர்ட்டுக்குள் நுழைந்து ஸூம் கட்டளையில் 1/150எக்ஸ்பி (1/150xp) என்று பின்னமாகத் தட்டினால் மென்பொருளே வகுத்துக்கொள்ளும், இரட்டைத் துல்லியம் முழுவதும் கிடைக்கும். அதைவிட நல்லது ஸ்கேல் பட்டியலில் சேர்த்துவிடுவது. ஸ்கேல்லிஸ்ட்எடிட் கட்டளையில் காகித அலகு எவ்வளவு, டிராயிங் அலகு எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்கும். அங்கே 1, 150 என்று கொடுத்தால் வெட்டுப்படவே இடமில்லை. மாடல் மீட்டரில், காகிதம் மி.மீ.யில் என்றால் 6.6667 என்று கணக்கிட்டுக் கொடுக்காமல் காகித அலகு 1000, டிராயிங் அலகு 150 என்று கொடுங்கள். அங்குலக் காகிதம், மி.மீ. மாடல், 1:50 என்றால் 1, 1270. சர்வதேச அங்குலம் 1959 முதல் துல்லியமாக 25.4 மி.மீ. என்று வரையறுக்கப்பட்டிருப்பதால் இந்த எண்ணில் எச்சமே கிடையாது. முடிவில்லாத தசமமாகத் தெரிந்த ஸ்கேல்கள் எல்லாம் இரண்டு எண்களாக எழுதும்போது நேராகிவிடுகின்றன. ஆனாலும் அங்குல லேஅவுட்டை மி.மீ.க்கு மாற்றிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பேன். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு 1270இன் கதை தெரிந்திருக்காது.

ஸ்கேலை வைத்த பிறகு படத்தை நகர்த்த வேண்டுமென்றால் பேன் மட்டும். பேன் செய்தால் மையம்தான் மாறும், உயரம் மாறாது. பிறகு உடனே 'டிஸ்பிளே லாக்டு' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். பூட்டிய வியூபோர்ட்டுக்குள் சக்கரத்தைச் சுழற்றினால் காகிதமே பெரிதாகிச் சிறிதாகும், விகிதம் அசையாது. உள்ளே போய் விரிவாக வேலை செய்ய வேண்டுமென்றால் விபிமேக்ஸ் இருக்கிறது. திரை முழுக்க விரித்து எப்படி வேண்டுமானாலும் ஸூம் செய்துவிட்டு வெளியே வந்தால் பழைய பார்வை அப்படியே திரும்பும். பூட்டும் பழக்கம் இல்லாத டீமில் எத்தனை முறை ஸ்கேலைத் திருத்தினாலும் அடுத்த ரிவிஷனில் அது மறுபடியும் கலைந்திருக்கும்.

ஆட்டோகேட் 2008இல் வந்த அனோட்டேட்டிவ் (ஸ்கேலுக்கேற்பத் தாமே அளவு மாறும்) எழுத்துகளும் டைமென்ஷன்களும் இந்தப் பிழையை வேறுவிதமாகக் காட்டிக்கொடுக்கும். வியூபோர்ட்டுக்கு இரண்டு ஸ்கேல்கள் உண்டு: படத்தின் ஸ்கேல், அனோட்டேஷன் ஸ்கேல். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் ஸ்டேட்டஸ் பாரில் ஒரு குறி அதைச் சொல்லும். படம் 0.010025இல் நிற்க, அனோட்டேஷன் 1:100இல் நின்றால் 2.5 மி.மீ. எழுத்து 2.506ஆக அச்சாகும்; அது யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியப்போவது வேறு. ஒத்துப்போகட்டும் என்று யாரோ 1:99.75 என்று ஒரு புது ஸ்கேலைப் பட்டியலில் சேர்த்து அதைத் தேர்ந்தெடுப்பார்கள். 1:100க்காகப் போட்ட எழுத்துகளுக்கு அந்தப் புது ஸ்கேல் தெரியாது, வியூபோர்ட்டிலிருந்து எல்லாம் காணாமல் போகலாம். எழுத்து மறைந்துவிட்டது என்று வரும் புகாரில் பாதியை, படத்தின் ஸ்கேலைச் சரியான விகிதத்துக்குத் திருப்பினாலே தீர்த்துவிடலாம். அதே நேரம் எக்ஸ்ரெஃப் வழியாக வந்து குவிந்த, பெயரின் முடிவில் எக்ஸ்ரெஃப் என்று ஒட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான போலி ஸ்கேல்களையும் ஸ்கேல்லிஸ்ட்எடிட்டில் ரீசெட் கொடுத்து நீக்கிவிடலாம். நாம் பயன்படுத்தாத பெயர்கள்தான் போகும்.

டைட்டில் பிளாக்கில் (தாளின் விவரக் கட்டத்தில்) ஸ்கேலைக் கையால் எழுதாமல் ஃபீல்டாக வைத்து, வியூபோர்ட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளச் செய்வது நல்ல பழக்கம். ஆனால் ஃபீல்டுக்கும் தனித் துல்லிய அமைப்பு உண்டு. அதைப் பூஜ்ஜிய இடமாக வைத்தால் 1:99.75ஐயும் 1:100 என்றே எழுதிவிடும்; பிழையை ஒளிக்கும் சுருக்கம் திரையிலிருந்து காகிதத்துக்கு இடம் மாறியது மட்டும்தான் மிச்சம். மூன்று இடமாவது வையுங்கள். டைட்டில் பிளாக்கில் 1:99.750 என்று அசிங்கமாகத் தெரிந்தால்தான் யாராவது சரிசெய்வார்கள்.

லேஅவுட் வரை எல்லாம் சரியாக இருந்தும் அச்சில் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. பிளாட் ஸ்கேல் 1:1இல் இல்லாமல் 'ஃபிட் டு பேப்பர்' என்று இருந்தால் அத்தனை உழைப்பும் அங்கே கரைந்துவிடும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு அதை அச்சடிப்பவர் 'ஃபிட்' என்று கொடுத்தாலும் அப்படித்தான். ஏ1 தாளை ஏ3க்குக் குறைத்தால் சரிபாதி, 1:100 என்பது 1:200 ஆகும் என்று எல்லோரும் சொல்வோம். ஐஎஸ்ஓ 216இன் தாள் அளவுகளே முழு மில்லிமீட்டருக்கு வெட்டப்பட்டவை என்பது அதில் மறந்துபோகிறது. ஏ1 என்பது 594 × 841, ஏ3 என்பது 297 × 420. அகலம் சரியாகப் பாதி, நீளம் 420.5 இருக்க வேண்டியது 420. தாளுக்குள் அடக்கும்போது நீளம்தான் முடிவு செய்யும், 1:100 போய் 1:200.24 ஆகும். 60 மீட்டர் கட்டடம் 300 மி.மீ.க்குப் பதில் 299.64 மி.மீ. அதற்கு மேல் பிரின்டர் தன் ஓரங்களுக்காக இன்னும் சில சதவீதம் சுருக்கும். ஏ3க்குச் சுருக்கிய தாளில் அளந்து பார்க்க வேண்டிய தேவை இருந்தால், 'ஃபிட்'டுக்குப் பதில் 50 சதவீதம் என்று எண்ணாகக் கொடுத்து, ஓரத்தில் அரை மில்லிமீட்டர் போனால் போகட்டும் என்று விடுவதே சரி.

அச்சில் எங்கே, யார் சுருக்குவார்கள் என்று நம்மால் கட்டுப்படுத்த முடியாததால்தான் பார் ஸ்கேல் (அளவு காட்டும் பட்டை) வேண்டும். அதை எங்கே வரைகிறோம் என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. டைட்டில் பிளாக்கோடு பேப்பர் ஸ்பேஸில் வரைந்த பார் ஸ்கேல், தாள் சுருங்கினால் கூடவே சுருங்கும்; ஆனால் வியூபோர்ட் 1:149.25இல் நின்றால் அது தெரியாமல் 1:150ஐயே காட்டிக்கொண்டிருக்கும். மாடல் ஸ்பேஸில், உண்மை அளவில் பத்து மீட்டர் என்று வரைந்து, கட்டடத்தைக் காட்டும் அதே வியூபோர்ட்டுக்குள் தெரியும்படி வையுங்கள். அப்போது படத்துக்கு நேரும் எதுவும் அதற்கும் நேரும். எந்தத் தாளில், எந்த விகிதத்தில் அச்சானாலும் அந்தப் பட்டையை வைத்துச் சுவரை அளந்துகொள்ளலாம்.